மண்ணடித் தெருவில் ஷிஃப்ட் லென்ஸ்

புது லென்ஸ் கைக்கு வந்ததும் முதலில் நடப்பது ஒன்றுதான். மொட்டை மாடிக்குப் போய் எதிர்வீட்டு முருங்கை மரத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கி, இலை நறுக்கென்று தெரிகிறதா என்று பார்ப்பது. கட்டடம் எடுக்க வாங்கிய லென்ஸுக்கு இந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை. மரத்தில் நேர்கோடே கிடையாது. கட்டடப் படத்தில் கூர்மை குறைவதற்கு முன்னாலேயே கோடு கெட்டுவிடும்: தூண் சாயும், கைப்பிடிச் சுவர் வளையும், குவிமாடம் முட்டையாக நீளும். இவற்றில் எது லென்ஸின் குறை, எது கேமராவை வைத்தவரின் குறை, எது வெறும் வடிவியல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் லென்ஸை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று முடிவெடுக்க முடியும்.

அதற்கு வடசென்னை நல்ல சோதனைக்கூடம். பாரிமுனையில் தொடங்கி மண்ணடி, ராயபுரம், திருவொற்றியூர் என்று போனால் செங்கல், சுண்ணாம்பு, கருங்கல் மூன்றும் கிடைக்கும். அகலமான ராஜாஜி சாலையும் உண்டு, முதுகு எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒடுங்கிய தெருவும் உண்டு.

இங்கே சொல்லும் கணக்குகள் கேனன் டிஎஸ்-ஈ 24 மி.மீ. எஃப் 3.5 எல் இரண்டாம் பதிப்பை வைத்து. 2009-ல் வந்த லென்ஸ். 780 கிராம் எடை, 82 மி.மீ. ஃபில்டர், மேலும் கீழும் 12 மி.மீ. ஷிஃப்ட் (லென்ஸை நகர்த்துவது), 8.5 டிகிரி டில்ட் (லென்ஸைச் சாய்ப்பது), ஆட்டோஃபோகஸ் கிடையாது. அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவிலும் மாட்டலாம். லாவோவா நிறுவனத்தின் 15 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், வழிமுறை மாறாது. சாதாரண 16-35 ஜூம் வைத்திருப்பவர்களும் மேலே படிக்கலாம். பாதி சோதனைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

ஷிஃப்ட் என்ன செய்கிறது என்பதைக் கொத்தனார் பாஷையில் சொல்வது எளிது. உயரமான சுவரைப் பிடிக்க கேமராவை அண்ணாந்து வைத்தால் சென்சாரும் சாய்கிறது. தூக்குக் குண்டு விட்ட மாதிரி நிற்கும் சுவரும் சாய்ந்த சென்சாரும் இணையாக இல்லாததால், சுவரின் உச்சி குறுகிக் கட்டடம் மல்லாந்து விழுவது போலத் தெரிகிறது. ஷிஃப்ட் லென்ஸில் கேமரா ரசமட்டம் வைத்தது போல் நேராகவே நிற்கும். லென்ஸ் மட்டும் ஒரு தண்டவாளத்தில் 12 மி.மீ. மேலே நகரும். சென்சார் சுவருக்கு இணையாகவே இருப்பதால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். லென்ஸ் சென்சாரைவிடப் பெரிய பிம்ப வட்டத்தைத் தருவதால்தான் இது முடிகிறது. இந்த லென்ஸின் வட்டம் 67.2 மி.மீ.; ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ.) சென்சாரின் மூலைவிட்டம் 43 மி.மீ.தான்.

ஆறு மீட்டர் தெருவின் கணக்கு

மண்ணடியில் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றால் வீட்டு முகப்புக்கும் லென்ஸுக்கும் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், நிமிர்ந்த வாக்கில். 24 மி.மீ. லென்ஸை ஷிஃப்ட் செய்யாமல் மட்டமாக வைத்தால் சென்சாரின் நடுவிலிருந்து மேல்விளிம்பு 18 மி.மீ.; 18-ஐ 24-ஆல் வகுத்தால் 0.75. அதாவது தூரத்தில் முக்கால் பங்கு உயரம், 4.5 மீட்டர். தரையிலிருந்து ஆறு மீட்டர். மாடி ஜன்னலோடு படம் முடிந்துவிடும். கீழே படத்தில் மூன்றில் ஒரு பங்கு தார் ரோடு.

12 மி.மீ. முழு ஷிஃப்ட் கொடுத்தால் மேல்பாதி 30 மி.மீ. ஆகிறது. 30-ஐ 24-ஆல் வகுத்தால் 1.25, ஆறு மீட்டர் தூரத்தில் 7.5 மீட்டர், கேமரா உயரத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து 9 மீட்டர். கீழ்விளிம்போ மிகச்சரியாகச் சுவர் தரையைத் தொடும் இடத்தில் வந்து நிற்கிறது. திண்ணை, தூண், மாடி, கைப்பிடிச் சுவர் என ஒரு மாடி வீட்டின் முகப்பு முழுதும் இந்த 9 மீட்டருக்குள் அடங்கும். அகலம் 6 மீட்டர். கேமராவைப் படுக்கை வாக்கில் வைத்து முழு ஷிஃப்ட் கொடுத்தால் கணக்கு இன்னும் எளிது: எவ்வளவு தூரமோ அவ்வளவு உயரம், அதில் ஒன்றரை மடங்கு அகலம்.

இதே தெருவில் 16 மி.மீ. சாதாரண லென்ஸை மட்டமாக வைத்தால் தரையிலிருந்து 8.25 மீட்டர் வரை வரும். மேலே முக்கால் மீட்டர், சரியாகக் கைப்பிடிச் சுவர், வெட்டுப்படும். கீழே வேண்டாத ரோட்டை வெட்டியெறிந்தால் படத்தின் உயரத்தில் 61 சதவீதம்தான் மிஞ்சும். இணையத்தில் போடுவதற்கு அது தாராளம். உண்மையைச் சொன்னால், மட்டமாக வைத்து வெட்டும் பழக்கம் மட்டும் இருந்தால் பலருக்கு ஷிஃப்ட் லென்ஸே தேவைப்படாது. பெரிய பிரிண்ட் போடுபவர்களுக்கும், ஆவணப் பணிக்காக அளவு பிசகாத படம் கேட்கும் ஆர்க்கிடெக்ட்களுக்கும்தான் மிச்சமிருக்கும் 39 சதவீதம் முக்கியம்.

அண்ணாந்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்பவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நிமிர்த்தும்போது உச்சிப் பகுதி இழுத்து நீட்டப்படுவதால் கொடுங்கையும் பூவேலையும் இருக்கும் இடத்தில்தான் விவரம் கரையும். இரண்டாவது, கட்டடத்தின் உயர-அகல விகிதம் மாறிவிடும். அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும், கட்டடத்தின் அளவு கையில் இல்லையென்றால் கண் மதிப்புதான் அதற்கு அளவுகோல். அப்படியும் அந்த வழியில்தான் போவதென்றால், எடுக்கும்போதே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட வேண்டும். நிமிர்த்தியபின் ஓரங்கள் முக்கோணமாக வெட்டுப்படும்.

எல்லாவற்றையும்விட மலிவான ஷிஃப்ட் லென்ஸ் எதிர்வீட்டு மாடி. கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் ஷிஃப்டே வேண்டாம்.

முதல் நாள் பார்க்க வேண்டியது

ஷிஃப்ட் லென்ஸில், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதில், முதலில் சோதிக்க வேண்டியது டில்ட் பூஜ்யம் உண்மையிலேயே பூஜ்யமா என்பதை. அரை டிகிரி பிசகினாலே ஃபோகஸ் தளம் (கூர்மையாக விழும் பரப்பு) சுவரோடு ஒட்டாமல் சாய்ந்துவிடும். 24 மி.மீ. லென்ஸில் அரை டிகிரி டில்ட் என்றால் லென்ஸிலிருந்து 2.75 மீட்டர் தள்ளி ஒரு கீல் வைத்து ஃபோகஸ் தளத்தைத் திருப்பியது போல. பார்க்கும்போது ‘லென்ஸின் இடது பக்கம் மங்கல்’ என்றுதான் தோன்றும். லென்ஸ் கெட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். டில்ட் பூட்டு இருக்கும் பதிப்பில் அதைப் போட்டுவிட்டே மற்ற வேலை.

இந்தச் சோதனைக்கு ராஜாஜி சாலை பொது தபால் அலுவலகத்தின் செங்கல் முகப்பு நன்றாக உதவும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1884-ல் முடிந்த கட்டடம். செங்கல் வரிசைதான் இங்கே நம் அளவுகோல். கேமராவை ட்ரைபாடில் மட்டமாக வைத்து, திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, கண்மட்டத்துக்கு மேலே ஒரு செங்கல் வரிசையையும் கீழே ஒன்றையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரு பக்கமாகக் குறுகிச் சேரப் பார்த்தால் கேமரா சுவருக்கு நேராக இல்லை. ட்ரைபாட் தலையை இம்மியளவு திருப்பி இரண்டையும் இணையாக்க வேண்டும். வீட்டுச் சுவரில் செய்வதானால் இன்னும் துல்லியமான வழி உண்டு: முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு படிய ஒட்டி, அதில் லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழும்வரை கேமராவை நகர்த்துவது. பழைய கட்டடங்களின் சுவரில் டேப் ஒட்டக் கூடாது, சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து வரும்.

நேராக நின்றபின் ஷிஃப்ட் பூஜ்யம், டில்ட் பூஜ்யம், துவாரம் (அபெர்ச்சர்) எஃப் 3.5. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி நடுவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். இப்போது லென்ஸின் சுழல் பூட்டை விடுவித்து, ஒரு பக்கம் 90 டிகிரியில் ஒரு படம், மறுபக்கம் 90 டிகிரியில் ஒரு படம். இந்த இரண்டுக்கும் இடையே கண்ணாடிகள் 180 டிகிரி திரும்பியிருக்கும், கேமரா அசைந்திருக்காது. இந்த இரண்டில் முதலாவதில் இடப்பக்கம் இருந்த மங்கல் அடுத்ததில் வலப்பக்கம் போனால் லென்ஸில்தான் கோளாறு. இடப்பக்கமே நின்றால் கேமரா நேராக வைக்கப்படவில்லை, அல்லது மவுன்ட்டோ அடாப்டரோ சரியில்லை. சுழலாத சாதாரண லென்ஸுக்கு கேமராவைத் தலைகீழாக மாட்டி எடுத்து ஒப்பிட வேண்டும். அதில் மங்கல் சுவரின் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினால் லென்ஸையோ மவுன்ட்டையோ சந்தேகிக்கலாம். சுவரில் அதே இடத்தில் நின்றால் வைத்ததில் பிசகு.

அடுத்து நிற ஓரம். வெளிறிய வானத்தின் முன்னால் கறுப்புக் கோடு வேண்டும். மண்ணடியில் ஒயருக்குப் பஞ்சமா? கேபிள் டிவி ஒயர், இன்டர்நெட் ஒயர் என்று தலைக்கு மேலே பந்தல் போட்டிருக்கும். அந்த ஒயர் ஒன்று படத்தின் மூலையில் வருமாறு, முழு ஷிஃப்டில், எஃப் 8-ல் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒயரின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் மெல்லியதாகத் தெரிந்தால் அது பக்கவாட்டு நிறப்பிறழ்வு. துவாரத்தைச் சுருக்கினாலும் போகாது, ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) திறக்கும்போது ஒரு சொடுக்கில் போகும். ஒயரைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரே ஊதா நிறம் என்றால் அது வேறு வகை. எஃப் 8-க்குப் பிறகும் நிற்கிறதென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

வளைவைச் சோதிக்கக் கைப்பிடிச் சுவரின் மேல்கோட்டைப் படத்தின் மேல்விளிம்புக்கு ஒட்டி வைத்து எடுத்தால் போதும். வீட்டுக்குள் அனுமதி கிடைத்தால் அதைவிட நல்லது மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு விட்டங்கள் வரிசையாக ஓடும், அவற்றின் மேலே செங்கல் குத்துவாக்கில் அடுக்கியிருக்கும். அந்த விட்டங்களைப் படத்தின் நீள விளிம்புக்கு இணையாக வைத்தால் தொப்பை வளைவா, உள்வளைவா, நடுவில் தொப்பை போல வெளியே வளைந்து மூலைகளில் எதிர்வளைவாகத் திரும்பும் மீசை வளைவா என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: ரா மென்பொருளின் தானியங்கி லென்ஸ் திருத்தம், லென்ஸின் மையம் படத்தின் மையத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஷிஃப்ட் செய்த படத்தில் மையம் 12 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். அங்கே அந்தத் திருத்தத்தைப் போட்டால் இல்லாத வளைவு வந்து சேரும். அதை அணைத்துவிட வேண்டும்.

மூலை இருட்டும் அப்படித்தான். முழு ஷிஃப்டில் மேல்மூலைகள் கறுத்து, கீழ்மூலைகள் வெளிச்சமாக இருக்கும்; சமச்சீரான திருத்தம் இதற்கு உதவாது. 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்றை லென்ஸ் வாயில் ஒட்டிப் பிடித்து, அதே ஷிஃப்ட், அதே துவாரத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், மென்பொருள் அதைக் கழித்துச் சமன்செய்யும். படக் கோப்போடு சேரும் எக்ஸிஃப் விவரக் குறிப்பில் ஷிஃப்ட் அளவு பதிவாகாது என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மி.மீ. என்று எழுதி வைக்க வேண்டும். ஃபோனில் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பத்தாவது படத்தில் மறந்துவிடும். கேமராவில் மாட்டிய அட்டைக் குறிப்பேடுதான் சரி.

வெளிச்சமும் திசையும்

‘காலை வெயிலில் எடுங்கள்’ என்ற பொது அறிவுரை ராஜாஜி சாலைக்குச் சரி. தபால் அலுவலகமும், அதே வரிசையில் 1897-ல் கட்டிய ஸ்டேட் வங்கிக் கட்டடமும் கிழக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்பவை. எட்டு மணிக்குள் முகப்பு முழுதும் வெயில். பகல் பன்னிரண்டைத் தாண்டினால் முகப்பு இருண்டு பின்னால் வானம் வெளுத்துவிடும்.

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெருக்களில் இந்த அறிவுரை செல்லாது. இவை தெற்கு-வடக்காக ஓடுபவை. தெரு அகலம் ஆறு மீட்டர், எதிர்க் கட்டடம் ஒன்பது மீட்டர் என்றால் சூரியன் 56 டிகிரி ஏறினால்தான் முகப்பின் அடிவரை வெயில் இறங்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது காலை பத்து மணி. அதற்கு முன்னால் மாடிக்கு மட்டும் வெயில், திண்ணை கும்மிருட்டு. நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு நிழல் கோடு. பத்து மணிக்கோ தெருவே லாரி, மீன்பாடி வண்டி, சுமை இறக்குபவர்கள் என்று நெரிசலாக இருக்கும். அதனால் இந்தத் தெருக்களுக்கு உரிய நேரம் ஞாயிற்றுக்கிழமை ஆறிலிருந்து ஏழரை வரை. முகப்பு முழுதும் ஒரே சீரான நிழலில் இருக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, வினாடியில் 15-ல் ஒரு பங்கு, அங்கே தொடங்கிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வானம் வெளுக்காமல் இருக்க இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) மூன்று படங்கள்.

நிழலில் நிறம் நீலமாகச் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒடுங்கிய தெருவில் இன்னொன்றும் உண்டு: எதிர்ச்சுவரின் நிறம் இந்தச் சுவரில் தெறிக்கும். எதிர்க்கடை ஷட்டர் பச்சை என்றால் வெள்ளையடித்த சுவரில் லேசாகப் பச்சை ஏறும். அந்தச் சுவரையே வெள்ளை என்று நம்பி ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் செங்கல் எல்லாம் மெஜந்தாவுக்குப் போய்விடும். சாம்பல் அட்டையை முகப்பின் அருகே பிடித்து ஒரு படம் எடுத்து வைப்பதே பாதுகாப்பு.

வடக்கு பார்த்த முகப்புகளுக்குத் தனிக் கணக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பார்த்த உயர்நீதிமன்றத்தின் வடக்கு முகம் போன்ற சுவர்களில் நண்பகல் வெயில் படுவது அந்த மாதங்களில்தான். அதுவும் உச்சி வெயில், சுவரை உரசிக்கொண்டு இறங்கும். செதுக்கு வேலை எடுக்க இதைவிட நல்ல ஒளி கிடையாது: செங்கல்லின் ஒவ்வொரு விளிம்பும், சுதை வேலையின் ஒவ்வொரு மேடும் நிழல் போட்டுத் தெரியும். ஆனால் ஜன்னல் சன்ஷேடின் நிழல் ஒரு ஆள் நீளத்துக்குச் சுவரில் விழும்; முழு முகப்பு எடுக்க ஆகாது.

எதிரொளி விஷயத்தில் ஷிஃப்ட் லென்ஸ் கொஞ்சம் சீண்டிப்பார்க்கும். பிம்ப வட்டம் பெரிது என்பதால், படத்துக்கு வெளியே இருக்கும் பிரகாசமான வானமும் கேமராவுக்குள் வந்து விழுந்து உள்சுவரில் தெறிக்கிறது. படத்தில் தனியாகப் புள்ளியாகத் தெரியாது. மொத்தப் படமும் மோரில் தண்ணீர் ஊற்றியது போல வெளிறும். ஒரு கறுப்பு அட்டையை லென்ஸுக்கு மேலே பிடித்துத் திரையில் வித்தியாசம் பார்க்கலாம். அட்டை படத்தின் மேல்விளிம்பில் எட்டிப் பார்க்கும் வரை இறக்கி, ஒரு விரல் அளவு மேலே தூக்கினால் சரியான இடம்.

லென்ஸின் குறை அல்லாதவை

1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசைக்கு நேர் எதிரே நின்று எடுத்தால், ஓரத்துத் தூண்கள் நடுத்தூண்களைவிடப் பருத்துத் தெரியும். லென்ஸ் மோசம் என்று திட்டுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸிலும் உருண்டையான பொருள் ஓரத்தில் இழுபடும். 24 மி.மீ. லென்ஸில் படுக்கை வாக்குப் படத்தின் ஓரத்தில் தூண் 25 சதவீதம் தடிக்கும். பக்கவாட்டில் 12 மி.மீ. ஷிஃப்ட் செய்தால் அந்த ஓரத்தில் 60 சதவீதம். லென்ஸ் எவ்வளவு விலை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டைச் சுவர் இழுபடாது, தூண்தான் இழுபடும் என்பதால்தான் கண்ணில் உறுத்துகிறது. மருந்து ஒன்றே: பின்னால் போய் நீளமான குவியத்தூர லென்ஸில் எடுப்பது. இடமில்லையென்றால் தூண்களை ஓரத்தில் வைக்காமல், தட்டையான சுவர் ஓரத்தில் வருமாறு நிற்கும் இடத்தை மாற்றுவது.

இதே விதி மேல்நோக்கி ஷிஃப்ட் செய்யும்போது குவிமாடத்தில் வெடிக்கும். படுக்கை வாக்கில் முழு ஷிஃப்டில் படத்தின் மேல்விளிம்பு 45 டிகிரி. அங்கே உருண்டை 41 சதவீதம் உயரமாக நீளும். 1892-ல் கட்டி முடித்து, 1894 முதல் கலங்கரை விளக்கையும் தலையில் தாங்கிய உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்களை ரோட்டிலிருந்து இப்படி எடுத்துப் பார்த்தால் வெங்காயம் வெள்ளரிக்காய் ஆகியிருக்கும். 6 முதல் 8 மி.மீ. ஷிஃப்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்துக்கு கேமராவை ஒன்றிரண்டு டிகிரி அண்ணாந்து வைப்பது நல்லது. உயரமான கட்டடம் மேலே துளி குறுகினால்தான் கண்ணுக்கு இயல்பு. முழுக்க நிமிர்த்திய கோபுரம் மேலே அகன்று தலை கனத்ததாகத் தெரியும்.

கோபுரம் என்றதும் திருவொற்றியூர். தியாகராஜர் கோயிலின் ராஜகோபுரத்தை எடுப்பவர்கள் எந்தக் கோட்டை நிமிர்த்துவது என்று திணறுவார்கள். கோபுரமே மேலே போகப் போகக் குறுகும் வடிவம், அதில் செங்குத்துக் கோடு எங்கே இருக்கிறது? கீழே கல்லால் ஆன அடித்தளத்தில், வாசல் நிலைக்கற்களில் மட்டும். அந்த நிலைக்கற்கள் நேராக இருந்தால் போதும், மேலே நடப்பதைக் கோபுரத்திடம் விட்டுவிட வேண்டும். உள்ளே ஆதிபுரீஸ்வரர் சந்நிதியின் விமானம் தூங்கானை மாடம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி. பின்பக்கம் யானை முதுகு போல வளையும் அந்தச் சுவர், வளைவை வளைவாகப் பார்க்கக் கண்ணைப் பழக்கும். உள்ளே கேமரா எடுக்கக் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

பழைய சுவர்கள் உண்மையிலேயே சாய்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இருநூறு வருடச் சுவரை மென்பொருளில் நிமிர்த்தினால் பக்கத்து வீட்டு கான்கிரீட் தூண் சாய்ந்துவிடும். எது நேர் என்று சொல்ல வேண்டியது மட்டம், சுவர் இல்லை. கேமராவில் இருக்கும் எலக்ட்ரானிக் மட்டத்தை மட்டும் நம்பாமல், ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். முன்பின் சாய்வில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், நிமிர்ந்த வாக்கில் 4000 பிக்சல் அகலப் படத்தில் ஓரக் கோடு அடியிலிருந்து நுனிக்குள் சுமார் 50 பிக்சல் உள்ளே சாயும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

தெருவில் வேலை செய்யும் முறை

வரிசை முக்கியம். முதலில் ட்ரைபாட், மட்டம். பிறகு லென்ஸைச் சுழற்றி, ஷிஃப்ட் போகும் திசை மேல்-கீழாக இருக்கிறதா என்று பார்ப்பது. நிமிர்ந்த வாக்குக்கு மாற்றும்போது இதை மறந்தால் படம் பக்கவாட்டில் ஓடும். டிஎஸ்எல்ஆர் என்றால் ஷிஃப்ட் செய்வதற்கு முன்னாலேயே வெளிச்சத்தை அளந்து மேனுவலில் பூட்ட வேண்டும். ஷிஃப்ட் செய்தபின் மீட்டர் தப்பாகச் சொல்லும். மிரர்லெஸ்ஸில் சென்சாரே அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதன்பிறகு ஷிஃப்ட், பூட்டு, கடைசியாக ஃபோகஸ். துவாரம் எஃப் 8 அல்லது 11. எஃப் 16-க்கு மேல் போனால் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) எல்லாமே மெழுகாகும். எங்கே ஃபோகஸ் செய்தால் முன்னும் பின்னும் அதிகத் தூரம் கூர்மையாகும் என்று சொல்லும் ஹைப்பர்ஃபோகல் அட்டவணையை விட்டுத்தள்ளலாம். முகப்பின் மேலேயே ஃபோகஸ் செய்தால் போதும், முன்னால் கிடக்கும் ரோடு கூர்மையாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

அகலமான முகப்புக்கு, படுக்கை வாக்கில் இடது 12, நடு, வலது 12 என்று மூன்று படம் எடுத்து ஒட்டினால் 60 மி.மீ. அகல சென்சாருக்குச் சமம். சாதாரண பனோரமா போலக் கோடு வளையாது. ஷிஃப்ட் செய்யும்போது லென்ஸ் நகர்வதால் அருகில் இருக்கும் விளக்குக் கம்பம் இரண்டு படத்தில் இரண்டு இடத்தில் விழும். கம்பம் முன்னால் நின்றால் லென்ஸ் வலப்பக்கம் 12 நகரும்போது கேமராவை ட்ரைபாட் மேல் மாட்டும் நகர்வு ரெயிலில் இடப்பக்கம் 12 மி.மீ. தள்ளி ஈடுசெய்ய வேண்டும். வெறும் சுவர் என்றால் தேவையில்லை.

அரண்மனைக்காரத் தெரு இந்த வேலைக்கு நல்ல இடம். அரண்மனை எதுவும் அங்கே இல்லை; ‘ஆர்மேனியன்’ என்ற சொல் நம் நாக்கில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. 1772-ல் கட்டிய ஆர்மேனிய தேவாலயத்தின் மணிக்கூண்டு, தேவாலயத்தை ஒட்டித் தனியாக நிற்கிறது, உள்ளே ஆறு மணிகள். முற்றத்தில் பின்னால் போக இடம் குறைவு, உயரம் அதிகம், சுவரோ வெள்ளை. வெள்ளைச் சுவரை மீட்டர் சாம்பலாக்கிவிடும், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ட்ரைபாடை விரித்ததும் யாராவது வந்து நிற்பார்கள். மூன்று கால் மேல் ஒரு கருவி என்றால் தெருவுக்கு அது சர்வேதான். “இன்னா சார், ரோடு பெருசு பண்றாங்களா? வூட்ட இடிக்கப் போறாங்களா?” என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. “இல்லண்ணா, மாடித் தூண் நல்லா இருக்கு, அத ஒரு படம் எடுத்துக்கறேன்” என்று திரையைத் திருப்பிக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. பல நேரம் எதிர்வீட்டு மாடிச் சாவியும் கிடைக்கும். ரயில் நிலையம், துறைமுகச் சுற்றுவட்டாரம், நீதிமன்ற வளாகம் இவற்றில் இந்தப் பேச்சு செல்லாது, முன்கூட்டியே எழுத்து அனுமதி வேண்டும். ராயபுரத்தில் 1910-ல் கட்டிய பார்சி அக்னி கோயிலுக்குள் பார்சிகள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை; தெருவிலிருந்து எடுப்பதோடு சரி.

காசிமேடு பக்கம் போவதென்றால் உப்புக் காற்று. இந்த வகை லென்ஸ்களில் ஷிஃப்ட் தண்டவாளம் திறந்தே இருக்கும், தூசி-ஈரத்துக்குத் தடுப்பு கிடையாது. ஏ.சி. அறையிலிருந்து நேரே எடுத்து வந்தால் கண்ணாடியில் பனி படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதலில் பம்பால் ஊதிவிட்டு, பிறகு தண்டவாளத்தின் இரு பக்கமும் மென்தூரிகை, அதற்குப் பிறகுதான் ஈரத் துணி. உப்புத் துகளோடு உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். பையில் வைக்கும் முன் ஷிஃப்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பூட்டிவிட வேண்டும்; நீட்டியபடியே திணித்தால் பையின் பாரம் முழுதும் அந்தச் சின்னத் திருகாணியின் மேல் விழும்.